ஆண்மை யார் வீட்டுச் சொத்து?

2025 மார்ச் 10. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனை, ஸ்ரீவைகுண்டம் அருகே பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். இடது கை விரல்கள் துண்டாயின. திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்து விரல்களை ஒட்டவைத்தார்கள். பிடிபட்ட மூன்று பேரும் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். எதற்காக வெட்டினார்கள்? அந்தப் பையனின் குடும்பத்தார் சொல்லும் காரணம் ஒன்றுதான்: கபடிப் போட்டியில் அவன் அணி ஜெயித்துவிட்டது.

கபடியில் ஒரு அணி தோற்றால் அடுத்த ஊர்ப் போட்டியில் பார்த்துக்கொள்ளலாம். கப் போனால் போகிறது, அடுத்த வருஷம் தூக்கலாம். விளையாட்டில் தோற்றவன் அருவாளைத் தேடிப் போவதில்லை. "இவனிடம் நாம் தோற்கலாமா" என்று நினைப்பவன்தான் தேடிப் போகிறான். அவனுக்கு அன்றைக்குப் போனது கப் அல்ல. பிறந்ததிலிருந்து தன் வீட்டுச் சொத்து என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒன்று கைவிட்டுப் போனது. அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர் ஆண்மை.

கபடியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தொட்டால்தான் அது ஆட்டம். பாடிப் போகிறவன் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நிற்கிறவர்கள் அவனைக் கட்டிப் பிடித்து அமுக்க வேண்டும். தொடக் கூடாது என்ற ஒரே விதியின்மேல் ஊரையும் சேரியையும் பிரித்து வைத்திருக்கும் சமூகத்தில், தொடுவதே விதியாக இருக்கும் ஆட்டம் இது. நம் பையன் தொட்டால் எதிராளி 'அவுட்'. கோட்டைத் தாண்டி வெளியே போய் நிற்க வேண்டும். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி வெளியே போய் நிற்பதைச் சாதி தாங்குவதில்லை.

நாங்கள் இதை எழுதுவது புதுக்கோட்டையிலிருந்து. வேங்கைவயல் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டம் அல்ல இது. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் நாற்கரச் சாலையில், வாகைகுளம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை. (குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்கள் எந்தப் புதுக்கோட்டைக்காரர்கள் என்று வெளியூர்த் தோழர்கள் எங்களிடமும் கேட்டதுண்டு. பெயர் ஒன்று என்பதால் வந்த குழப்பம். ஆனால் ஊர் மாறினாலும் நோய் மாறவில்லை.) ஸ்ரீவைகுண்டம், ஏரல், கொடியங்குளம், நாங்குநேரி என்று இந்தக் கட்டுரையில் வரும் ஊர்களில் பெரும்பாலானவை எங்களுக்குச் செய்தித்தாள் ஊர்கள் அல்ல. வேலை நிமித்தம் போய்வரும் ஊர்கள்.

தெருத் தெருவாகப் போய்ப் பையன்களோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலைகளில் ஒன்று. எந்தச் சாதித் தெருவாக இருந்தாலும் ஒரு கேள்வியை விடாமல் கேட்போம்: "ஏலே, ஆம்பளைன்னா யாரு?" பதில்கள் எல்லாத் தெருவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பயப்பட மாட்டான். அழ மாட்டான். அடிச்சா திருப்பி அடிப்பான். பொம்பள பேச்சக் கேக்க மாட்டான். தங்கச்சிய எவனும் பார்க்க விடமாட்டான். இந்த ஐந்தும் வந்த பிறகு அடுத்த கேள்வி கேட்போம்: "அப்போ மத்த சாதித் தெருப் பையனும் இதையெல்லாம் செஞ்சா அவனும் ஆம்பளதானே?" ஆதிக்கச் சாதித் தெருக்களில் இந்தக் கேள்விக்குச் சிரிப்பு வரும், பிறகு ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*பட்டியல் போட்டுத் தடுத்தார்கள்*

ஆண்மை என்பது உடம்போடு வருவது, எல்லா ஆணுக்கும் பொதுவானது என்று சொல்பவர்கள் நம் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். 1931 மக்கள் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அடங்காதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடுதான் மேய்க்க வேண்டும் என்பவையும் அதில் இருந்தன.

இந்தப் பட்டியலை ஒரு சமூகவியல் மாணவர் எப்படி வாசிப்பார்? சட்டை, கிராப், செருப்பு, குடை, நகை: ஒரு ஆண் தெருவில் நிமிர்ந்து நடக்கும்போது அவன்மேல் என்னென்ன தெரியுமோ அத்தனையும் இதில் இருக்கிறது. பெண்ணுக்கு வேறு தடை. அவள் மேலுடம்பை மறைக்கும் உரிமையே பறிக்கப்படுகிறது. அதாவது நம் ஆணை ஆணாகத் தெரியவிடக் கூடாது. நம் பெண்ணை எவன் கண்ணுக்கும் திறந்து வைக்க வேண்டும். ஆண்மையும் பெண்மையும் சாதிப்படி அளந்து கொடுக்கப்பட்ட ரேஷன் பொருள்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

"அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை" என்று ஒருவர் சொல்வார். அவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திறந்து பார்க்கட்டும். 1989 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் வந்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. எதையெல்லாம் குற்றம் என்று அதில் புதிதாக எழுத வேண்டியிருந்தது தெரியுமா? பட்டியல் சாதியினரின் மீசையை வலுக்கட்டாயமாக எடுப்பது. தலையை மொட்டையடிப்பது. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது. செருப்போ புதுத்துணியோ போடவிடாமல் தடுப்பது. கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறவிடாமல் தடுப்பது. நடக்காத குற்றத்துக்கு நாடாளுமன்றம் உட்கார்ந்து பிரிவு எழுதுவதில்லை. 1930இல் இராமநாதபுரத்தில் போட்ட தடைப் பட்டியலும் 2016இல் டெல்லி போட்ட குற்றப் பட்டியலும் ஒரே பட்டியலின் முன்பக்கமும் பின்பக்கமும்.

சட்டம் வந்த பிறகும் நின்றதா? 2017இல் குஜராத்தின் லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்களை அடித்தார்கள். அதைக் கண்டித்து மாநிலம் முழுவதும் தலித் இளைஞர்கள் மீசையை முறுக்கிய படத்தை வாட்ஸ்அப்பில் வைத்தார்கள். 2018இல் அதே மாநிலத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் குதிரை வைத்திருந்த ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். நம் பக்கம் வாருங்கள். 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது. அடுத்த மாதம் ஸ்ரீவைகுண்டம்.

வெட்டு விழுந்த இடத்தைக் கவனியுங்கள். புல்லட்டின் ஹேண்டிலைப் பிடித்த கை. கபடியில் பிடி போட்ட கை.

*பெண்ணின் உடம்பில் போட்ட வேலி*

மீசையும் பைக்கும் வெளி அடையாளங்கள். இந்த ஆண்மையின் கருவூலம் வேறு இடத்தில் இருக்கிறது. "தங்கச்சிய எவனும் பார்க்க விடமாட்டான்" என்று பையன்கள் சொன்னார்கள் அல்லவா, அங்கே இருக்கிறது.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. சாதி எப்படி உண்டானது என்ற கேள்விக்கு அவர் அதில் சொன்ன பதில், அகமணம். சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது நின்றால் சாதி நிற்காது. அகமணம் நிற்க வேண்டுமானால் பெண்ணைக் கட்டுப்படுத்த வேண்டும். புருஷன் செத்தால் பெண்ணை உடன்கட்டை ஏற்று, அல்லது வாழ்நாள் முழுக்கக் கைம்பெண்ணாக உட்கார வை. பெண்டாட்டி செத்தால் ஆணை அப்படிச் செய்ய முடியாது, அவன் ஆண். ஆகவே இன்னும் வயதுக்கு வராத சிறுமியை அவனுக்குக் கட்டி வை. சதி, விதவைக் கோலம், குழந்தை மணம் மூன்றும் ஒரே வேலியின் மூன்று கம்பிகள் என்று அன்றே காட்டினார். அந்த வேலிக்குக் காவல்காரன் யார்? வீட்டு ஆண். காவல் ஒழுங்காகப் பார்த்தால் அவனுக்குக் கிடைக்கும் பட்டம்தான் 'ஆம்பளை'. காவல் தவறினால் "உன் தங்கச்சிய அவன் கூட்டிட்டுப் போறான், நீ மீசை வச்சுக்கிட்டு இருக்க" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

2025 ஜூலை 27. ஏரலை அடுத்த ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த கவின் செல்வகணேஷ், சென்னையில் ஐ.டி. வேலை பார்த்தவர், பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சரணடைந்து குற்றம் சாட்டப்பட்டிருப்பவர் கவின் பழகிய பெண்ணின் தம்பி. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கிறார். அவருடைய தாயும் தகப்பனும் காவல் துறையில் சார்பு ஆய்வாளர்கள். கவினின் பெற்றோர் நீதி கேட்டு நாள்கணக்கில் உடலை வாங்க மறுத்த பிறகுதான் தகப்பன் கைது செய்யப்பட்டார். வழக்கு நடக்கட்டும்; தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். நாங்கள் சொல்ல வருவது வேறு. படித்து வேலை பார்க்கும் வயது வந்த ஒரு பெண்ணின் விருப்பத்தைப் பற்றி இந்த ஊரில் யாரும் பேசவில்லை. "அந்தக் குடும்பத்து மானம்" என்று பேசினார்கள். "பெத்தவங்க மனசு எப்படி இருக்கும்" என்று பேசினார்கள். கொலையைக் கொண்டாடி ஸ்டேட்டஸ் வைத்தவர்களும் இருந்தார்கள். அவள் ஒரு ஆள் என்பதே கணக்கில் இல்லை. வேலியில் ஓட்டை விழுந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு.

2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தபோதும் இதே பேச்சு. தலித் பையன்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகப் பேசினார். 1930இன் தடைப் பட்டியலில் சட்டை, பனியன். 2012இன் மேடையில் ஜீன்ஸ், டி-சர்ட். எண்பது ஆண்டுகளில் துணி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கடைசியாக 1961இல்தான் இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. ஆனால் முத்துக் குளித்தவர்களின் கதைகள் இன்னும் பேச்சில் இருக்கின்றன. கல்லைக் கட்டிக்கொண்டு கடலடியில் மூச்சடக்கிக் கிடப்பவனின் உயிர், மேலே படகில் கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள்; அக்காளோ தங்கச்சியோ தாலி இழக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. பெண்ணின் அண்ணன் தம்பிக்கு அந்தக் கதை கொடுத்த வேலை, அவள் தேர்ந்த துணையின் உயிரைப் பிடித்துக்கொள்வது. சாதி கொடுத்திருக்கும் வேலை, அந்த உயிரை அறுப்பது. இரண்டையும் 'ஆம்பளை வேலை' என்றுதான் சொல்கிறார்கள். எது ஆம்பளை வேலை என்று முடிவு செய்வது யார் என்பதுதான் சண்டை.

*கயிறு கட்டிய மணிக்கட்டுகள்*

இந்தக் காவல் வேலைக்கு ஆள் எடுப்பது பள்ளிக்கூடத்திலேயே தொடங்கிவிடுகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் கயிறு. பனியனில் தலைவர் படம். சைக்கிளில் சாதி நிறம். 2019இல் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், அது தன் கவனத்துக்கு வராமல் போனது என்று அன்றைய அமைச்சரே கைகழுவினார். நான்கே ஆண்டுகள். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அந்தப் பையன் செய்த குற்றம் என்ன? அவர்களுக்கு எடுபிடி வேலை செய்து சலித்து, பள்ளிக்கே போகாமல் நின்று, கடைசியில் நடந்ததைப் பள்ளியில் சொன்னது.

சொன்னான் என்பதற்காக வெட்டு. புகார் கொடுப்பது ஆண்மை இல்லையாம். அடங்கிப் போயிருந்தால் 'நல்ல பையன்'. திருப்பி அடித்திருந்தால் 'ரவுடி'. புகார் கொடுத்தால் அருவாள். நம் பையனுக்கு இந்தச் சமூகம் திறந்து வைத்திருக்கும் கதவுகள் இவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட காலத்தில் இடமாற்றம், அகரவரிசையில் இருக்கை, சமூகநீதி மாணவர் படை என்று பல பரிந்துரைகள். அந்த அறிக்கை வந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் ஸ்ரீவைகுண்டத்துப் பையனின் விரல்கள் துண்டாயின.

ஆதிக்கச் சாதி வீட்டுத் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டிவிட்டுக் கூர்நோக்கு இல்லத்துக்குப் போவது உங்கள் மகன். பிளெக்ஸில் வெள்ளை வேட்டியோடு கும்பிடு போடும் தலைவரின் மகன் அல்ல. அவன் சென்னையிலோ வெளிநாட்டிலோ நல்ல கல்லூரியில் படிக்கிறான். உங்கள் மகன் கையில் கயிறு கட்டியவர் அவன் தேர்வுக் கட்டணம் கட்டினாரா, அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாரா என்று கேளுங்கள். நாம் சிந்தும் ரத்தத்துக்கு அது ஈடாகாது. ஆனால் இந்த ஆண்மை உங்கள் பிள்ளையையும் கூலியில்லாத அடியாளாக்கித்தான் வைத்திருக்கிறது.

*நம் பக்கத்துச் சுவரொட்டிகள்*

இனி நம்மைப் பார்த்துப் பேசுவோம். இதில்தான் சில தோழர்களுக்கு எங்கள்மேல் கோபம் வரும். வரட்டும்.

மறுக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வது விடுதலை. மீசை வைப்பதும் புல்லட் ஓட்டுவதும் விரும்பியவரைக் காதலிப்பதும் யாரும் நமக்குத் தர வேண்டிய சலுகைகள் அல்ல, நம் உரிமைகள். தாக்க வருபவனிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்வதும் உரிமை. சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் கொஞ்ச காலமாக நம் தெருச் சுவர்களிலும் நம் பையன்களின் ரீல்ஸிலும் வருவது வேறொன்று. நாங்களும் ஆண்ட பரம்பரைதான். எங்களிடமும் அருவாள் இருக்கிறது. எங்கள் சிங்கம், எங்கள் புலி. அவர்கள் கயிறு கட்டினால் நாங்களும் கட்டுவோம், எங்களுக்கு வேறு நிறம். "நாங்க ஆம்பளைங்கடா" என்று முடியும் பாட்டு. இதைத் திருப்பி அடிப்பது என்கிறார்கள். எதிரி எழுதிய வாய்ப்பாட்டை அப்படியே ஒப்பிப்பது திருப்பி அடிப்பதாகாது. ஆண்மை என்பது ஆள்வது, ஆள்வது என்பது இன்னொருவரை அடக்குவது என்ற வாய்ப்பாடு அது. அந்தக் கணக்கில் அடக்கப்படுவதற்கு எப்போதும் ஒருவர் தேவை. மேலே இருப்பவனை அடக்க முடியாதபோது நம் ஆண் யாரைத் தேடுவான்? பக்கத்துத் தெருவில் நமக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும் அருந்ததியரையும் புதிரை வண்ணாரையும் தேடுவான். அல்லது அடுப்படிக்குப் போவான்.

அடுப்படியைப் பற்றிப் பேசாமல் ஆண்மையைப் பற்றிப் பேச முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். எல்லாச் சாதியும் சேர்ந்த கணக்கு அது. நம் தெரு அதற்கு விலக்கு என்று நெஞ்சில் கைவைத்து யாரால் சொல்ல முடியும்? தூத்துக்குடி உப்பளத்தில் விடியுமுன் இறங்கி, காலில் புண்ணோடு உப்பு வாரி, தலையில் சுமந்து கொட்டிவிட்டு வரும் பெண், வீட்டுக்கு வந்து உலை வைத்து, டாஸ்மாக்கிலிருந்து வருபவனிடம் அடி வாங்குகிறாள். "வெளியில அவனுக்கு எவ்வளவு அவமானம், அத எங்க போய்க் கொட்டுவான்" என்று சமாதானம் சொல்கிறார்கள். அதே உப்பளத்தில், அதே கங்காணியிடம், அவனைவிடக் குறைந்த கூலிக்கு அதே அவமானத்தோடு கூடுதலாக ஆபாசப் பேச்சையும் வாங்கியவள் அவள். அவள் எங்கே போய்க் கொட்டுவாள்? இந்தக் கேள்வியை பாமா 1994இலேயே 'சங்கதி'யில் ஊர்ப் பெண்களின் வாயாலேயே கேட்டுவிட்டார். முப்பது ஆண்டாக நம் மேடைகள் பதில் சொல்லவில்லை.

மேடையையும் பாருங்கள். நாற்காலியில் வரிசையாக ஆண்கள். ஆணவக் கொலையைக் கண்டிக்கும் கூட்டத்தில் போலீசைப் பார்த்து "சேலை கட்டிக்கோ, வளையல் போட்டுக்கோ" என்று முழக்கம். அதிகாரியைத் திட்ட 'பொட்டை' என்ற சொல். ஒரு திருநங்கைத் தோழர் அந்தக் கூட்டத்தில் கொடி பிடித்து நின்றுகொண்டிருப்பார். சேலை கட்டிய நம் அம்மாக்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சேலை கோழைத்தனத்தின் அடையாளம் என்றால், கவினின் தாயைப் போல மகனின் உடலை வாங்க மாட்டேன் என்று அரசை எதிர்த்து நின்ற பெண்கள் கட்டியிருந்தது என்ன?

*அவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள்?*

"ஆண்மை இல்லாமல் போராட முடியுமா தோழர்?" என்று கேட்பவர்களுக்குக் கொடியங்குளத்தை நினைவூட்டுகிறோம். 1995 ஆகஸ்ட் 31. நம் மாவட்டத்துக் கொடியங்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். அவர்கள் எதை உடைத்தார்கள் என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள். டி.வி., மின்விசிறி, தையல் மிஷின். எதைக் கிழித்தார்கள்? பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும். குடிக்கிற கிணற்றில் விஷத்தை ஊற்றினார்கள். வளைகுடாவுக்குப் போய் உழைத்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் அது. ஆயுதம் தேடி வந்தோம் என்றவர்களின் கை, சான்றிதழின்மேல் போனது. எதிரிக்கு நம் அருவாளைக் கண்டு பயமில்லை. அது அவனுக்கு வசதி, வழக்குப் போடலாம், சுடலாம். அவனுக்குப் பொறுக்காதது பாஸ்போர்ட், சான்றிதழ், சொந்த வீட்டில் சுழலும் மின்விசிறி.

நாங்குநேரி மாணவன் வெட்டுக் காயங்களோடு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி 600க்கு 469 எடுத்தான். மணத்தி கணேசன் நம் மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து கபடி ஆடிப் போய் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார், அர்ஜுனா விருது வாங்கினார். அவர் வாழ்க்கையைத் தழுவித்தான் மாரி செல்வராஜ் 2025இல் 'பைசன்' எடுத்தார். நம் பையன்களுக்குக் காட்ட வேண்டிய ஆட்கள் இவர்கள். அருவாளோடு பிளெக்ஸில் நிற்பவர்கள் அல்ல.

1928இலேயே பெரியார் எழுதினார்: பெண் விடுதலை வேண்டுமென்றால் 'ஆண்மை' என்ற கருத்தே அழிய வேண்டும், வீரமும் துணிவும் ஆணுக்கு மட்டும் உரியவை என்று அந்தச் சொல்லே ஆக்கி வைத்திருக்கிறது என்று. சாதி ஒழிப்புக்கும் அது பொருந்தும் என்கிறோம் நாங்கள். துணிவு வேண்டும், சுயமரியாதை வேண்டும், நேர்மை வேண்டும். இவற்றுக்கு 'ஆண்மை' என்று பெயர் வைக்க வேண்டிய அவசியம் இல்லை. திருவள்ளுவர்கூடப் பேராண்மை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, அதன் கூர்மை எதில் இருக்கிறது என்று கேட்கும்போது, விழுந்த பகைவனுக்கு உதவுவதில் இருக்கிறது என்றுதான் முடிக்கிறார். பஸ்ஸை மறித்து, நிராயுதபாணியான பள்ளிப் பையனை மூன்று பேராகச் சேர்ந்து வெட்டுவதற்கு எந்தக் குறளிலும் இடமில்லை.

*கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்*

அரசிடம் கேட்க வேண்டியவை:

1. நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரைகளில் எவை எந்தப் பள்ளியில் நடைமுறைக்கு வந்தன என்று மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து தொடங்கட்டும்.

2. ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டத்துக்காக ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ஆணையம் என்பது கோப்பு தூங்கும் இடமாகிவிடக் கூடாது. சட்டம் வேண்டும். அதில், காதலிப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாதுகாப்புக் கேட்டு வந்தால் 'பெத்தவங்கள வரச் சொல்' என்று திருப்பி அனுப்பும் காவலர்மேல் நடவடிக்கை எடுக்கப் பிரிவு வேண்டும். எங்களோடு வந்த ஒரு ஜோடியை அப்படித் திருப்பி அனுப்பிய நிலையத்தை நாங்களே பார்த்திருக்கிறோம்.

3. உப்பளத்திலும் வாழைக் காட்டிலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பாலியல் தொல்லையை விசாரிக்கும் புகார்க் குழு பெயரளவில் இல்லாமல் இயங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. நம் பிள்ளைகள் கையில் எந்த நிறக் கயிறும் வேண்டாம். நீல நிறமாக இருந்தாலும் வேண்டாம். நீலம் கொடிக்குரியது, மணிக்கட்டுக்கு உரியதல்ல.

2. ஊர்க் கமிட்டியிலும் கிளைப் பொறுப்பிலும் பாதிப் பெண்கள். மகளிர் அணி என்று தனியே ஒதுக்கி உட்கார வைப்பது போதாது.

3. மனைவியை அடிப்பவருக்கு இயக்கத்தில் பொறுப்பு இல்லை. எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும் இல்லை.

4. மேடையில் 'பொட்டை', 'ஒம்போது', 'சேலை கட்டு', 'வளையல் போடு' ஆகியவற்றுக்கு இடமில்லை. பேசியவரிடமிருந்து மைக்கை வாங்கிவிடுங்கள்.

5. நம் வீட்டுப் பெண் வேறு சாதிப் பையனை, நமக்குக் கீழ் என்று சொல்லப்படும் சாதிப் பையனையும்தான், விரும்பினால் நாம் என்ன செய்வோம் என்பதை ஒவ்வொரு தெருக் கூட்டத்திலும் முன்கூட்டியே பேசித் தீர்மானம் போட வேண்டும். கவினுக்கு நீதி கேட்கும் தகுதி அங்கேதான் இருக்கிறது.

இந்த ஐந்தாவதைச் சொன்னபோது ஒரு கூட்டத்தில் நம் பெரியவர் ஒருவர் எழுந்து, "அது வேற, இது வேற" என்றார். அது வேறு இது வேறு இல்லை ஐயா. சாதி இந்து வீட்டில் மகளுக்குப் போட்ட வேலியும் நம் வீட்டில் மகளுக்குப் போடும் வேலியும் ஒரே பட்டறையில் அடித்த கம்பி. அதைப் பிடுங்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் பிடுங்க வேண்டும். முதலில் நம் கைக்கு எட்டுகிற பக்கத்திலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.